ஹெராயினிலிருந்து மீள: முழு நிறுத்தமா, மாற்று மருந்தா?

ஹெராயினை ஒரேயடியாக நிறுத்துபவருக்கு, கடைசியாக எடுத்ததிலிருந்து 8 முதல் 24 மணி நேரத்துக்குள் கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை என்று தொடங்கும் உபாதைகள், வயிற்றுப்போக்கும் எலும்பைக் குடைவது போன்ற வலியுமாக முற்றி, பெரும்பாலும் 4 முதல் 10 நாள்களில் அடங்கிவிடும். குடும்பத்தினர் விரும்புவது இந்த முழு நிறுத்தத்தைத்தான். ‘விட்டுவிட்டான்’ என்று சொல்லிக்கொள்ள முடிகிறது. ஆனால் அதற்குள் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுவதால், பழைய நினைப்பில் பழைய அளவையே மீண்டும் எடுப்பவருக்கு மூச்சே நின்றுபோகக்கூடும்.

மாற்று மருந்துச் சிகிச்சையில், ஹெராயினுக்குப் பதிலாக அதே வகையைச் சேர்ந்த மருந்தான மெத்தடோனோ புப்ரினார்ஃபினோ மருத்துவக் கண்காணிப்பில் தரப்படுகிறது. புப்ரினார்ஃபின் மாத்திரை நாக்கின் அடியில் கரையும்வரை சில நிமிடங்கள் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, நேரே வேலைக்குப் போய்விடலாம். ஊசியைப் பகிர்வது குறைவதால் எச்.ஐ.வி. பரவலும், போதைக்குப் பணம் தேடிச் செய்யும் குற்றங்களும் குறைகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் இவ்விரு மருந்துகளையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா?’ என்ற குறை பாதி உண்மைதான். மருந்தைச் சார்ந்திருப்பது மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடரத்தான் செய்கிறது. ஆயினும் உயிர் தப்புவதே அளவுகோல் என்றால், என் தேர்வு மாற்று மருந்துதான். முழு நிறுத்தம், தானே விரும்பி வந்து, பின்னரும் நீண்ட காலம் துணை கிடைப்பவருக்கே பொருந்தும்.