பார்மனா, ஆன்ஸ்பாக்கா? 1934இன் இரண்டு அறிக்கைகள்

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மறு ஆண்டு ஜெர்மன் புராட்டஸ்டன்ட் திருச்சபைக்குள்ளிருந்து நேரெதிரான இரண்டு அறிக்கைகள் வந்தன. 1934 மே 31 அன்று, திருச்சபையில் நாஜித் தலையீட்டை எதிர்த்தவர்கள் பார்மன் நகரில் வெளியிட்ட பார்மன் அறிக்கை. ஜூன் 11 அன்று அதற்கு மறுப்பாக, லுத்தரன் (மார்ட்டின் லுத்தர் வழித் திருச்சபை) இறையியலாளர்கள் சிலரின் ஆன்ஸ்பாக் அறிவுரை.

பார்மன் வரைவில் பெரும்பங்கு சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்ட்டுடையது. ஃபிராங்க்ஃபர்ட் விடுதியில் லுத்தரன் நண்பர்கள் இருவரும் மதியத் தூக்கம் போட்ட நேரத்தில், கெட்டிக் காபியும் சுருட்டுமாக உட்கார்ந்து எழுதியதாக அவரே பின்னாளில் சொன்னார். ஆன்ஸ்பாக்கை எழுதியவர் எர்லாங்கன் பேராசிரியர் வெர்னர் ஏலர்ட். அவருடைய சக பேராசிரியர் பவுல் ஆல்ட்ஹவுஸும் கையெழுத்திட்டார்.

சண்டை ஒரே கேள்வியில்தான்: கடவுள் எதன் வழியாகப் பேசுகிறார்? வேதாகமம் சாட்சி சொல்லும் இயேசு கிறிஸ்து ஒருவரே நாம் கேட்டுக் கீழ்ப்படிய வேண்டிய வார்த்தை என்கிறது பார்மனின் முதல் கூற்று. வேறு நிகழ்வுகளையோ அதிகாரங்களையோ ஆட்களையோ கடவுளின் வெளிப்பாடாக ஏற்பது பொய்ப்போதனை என்றும் அடித்துச் சொல்கிறது. பார்ட் பட்டு அறிந்தது இது. 1914இல் இறையியலாளர் ஹார்னாக் உள்ளிட்ட தன் ஆசிரியர்களே ஜெர்மனியின் போரை ஆதரித்துக் கையெழுத்திட்டதைப் பார்த்தவர் அவர்.

ஆன்ஸ்பாக்கோ, குடும்பம், இனம், இரத்த உறவு ஆகியவற்றின் வழியாகவும் கடவுளின் கட்டளை நம்மைக் கட்டுகிறது என்றது. இக்கட்டில் ஹிட்லரைப் பக்தியுள்ள தலைவராகத் தந்ததற்குக் கடவுளுக்கு நன்றியும் சொன்னது. பழைய ஏற்பாட்டையே தூக்கியெறியச் சொன்ன, ‘ஜெர்மன் கிறிஸ்தவர்கள்’ என்ற நாஜி ஆதரவு இயக்கத்தின் முரட்டுக் கும்பலைச் சேர்ந்தவரல்ல ஆல்ட்ஹவுஸ். மதிப்புள்ள லுத்தர் ஆய்வாளர். அதனாலேயே அவர் கையெழுத்து அதிகம் கெடுத்தது என்பேன். கத்துகிறவனை நம்பாத போதகர்கூட இப்படிப்பட்டவர் சொன்னால் கேட்பார்.

சரி, பார்மனில் குறையே இல்லையா? பெரிய குறை உண்டு. யூதர்களைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. 1933 செப்டம்பரிலேயே ஆல்ட்ஹவுஸும் ஏலர்ட்டும், யூத வம்சாவளிக் கிறிஸ்தவர்களைப் போதகர் பணியிலிருந்து விலக்கி வைக்கலாம் என்ற கருத்தைத் தந்திருந்தார்கள். மார்பர்க் இறையியல் துறை அதே மாதம் அந்த விலக்கலை எதிர்த்தது. அதற்கு அப்புறமும் பார்மன் வாய் திறக்கவில்லை. யூதர் பிரச்சினையை முன்னே வைக்காதது தன் குற்றம் என்று பார்ட் 1967இல் கடிதத்தில் ஒப்புக்கொண்டார்.

அப்படியிருந்தும் நான் பார்மன் பக்கம்தான். அதன் முதல் கூற்றைப் பிடித்துக்கொண்டே யூதர்களுக்காகப் பேசியிருக்க முடியும். இரத்த உறவைக் கடவுளின் கட்டளையாக்கிய ஆன்ஸ்பாக்கில் அதற்கு இடமே இல்லை.