தகரத் தொட்டியில் செயற்கைப் பூ: பூ நிற்கிறது, பசை நிற்கவில்லை

மலிவான தகரத் தொட்டியில் செயற்கைப் பூ வைக்கலாமா என்று கேட்கிறவர்கள், பூ எத்தனை நாள் வெளுக்காமல் இருக்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பூவை விடுங்கள். நீண்ட நாள் புழக்கத்தில் உயிரை வாங்குவது, பூத்தண்டுகளைச் செருக உள்ளே வைக்கும் ஃபோம் கட்டை தொட்டியோடு ஒட்டி நிற்க மறுப்பதுதான்.

எந்தச் செய்முறையை எடுத்தாலும் அடியில், பசைக் குச்சியை உருக்கிப் பிழியும் க்ளூ கன்னால் பசை வைத்து ஃபோமை அழுத்தச் சொல்கிறது. அன்றைக்கு நன்றாகத்தான் ஒட்டும். கொஞ்ச நாள் கழித்து ஒரு தண்டைப் பிடித்துத் திருப்பினால் மொத்த அலங்காரமும் பாட்டில் மூடி மாதிரி சுழலும். வெளியே எடுத்துப் பார்த்தால் பசை முழுக்க ஃபோமின் அடியில் வழவழவென்று இருக்கும். தகரத்தில் ஒரு பொட்டுகூட இருக்காது. உருகிய பசை தொட்ட மாத்திரத்தில் தகரம் அதன் சூட்டை உறிஞ்சிவிடுகிறது. பரவிப் பிடிப்பதற்கு முன்பே பசையின் அடிப்பக்கம் இறுகிவிடுகிறது. புதுத் தொட்டியின் உள்ளே மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கேட்கவே வேண்டாம். வெயில் படும் இடத்தில் வைத்தால் தகரம் சுட்டு, இறுகிய பசை மறுபடி இளகும்.

பரிகாரம் இல்லாமல் இல்லை. பாத்திரம் துலக்கும் சோப்பால் கழுவி, 120 எண் உப்புத்தாளால் உட்புறத்தைச் சொரசொரப்பாக்கி, வெளிப்பக்கம் ஹேர் டிரையரால் ஓரிரு நிமிடம் சூடேற்றிவிட்டுப் பசை வைத்தால் பிடிப்பு நன்றாகவே கூடும். வீட்டுக்குள் நிழலில் வைக்கும் தொட்டிக்கு அது போதும். ஃபோமுக்குப் பதில் தெர்மாகோல் என்றால் குறைந்த சூட்டு க்ளூ கன்தான் சரி. அதிகச் சூடு அதில் குழி பறித்துவிடும்.

சிலிக்கான் பசை போட நினைப்பவர்கள் வாடையைக் கவனிக்க வேண்டும். வினிகர் மாதிரி நெடி அடிக்கும் வகை, காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. துருப்பிடிக்காமல் இருக்கத் தகரத்தின் மேல் போட்ட துத்தநாகப் பூச்சை அது அரிக்கும். டியூபில் நியூட்ரல் என்று போட்டிருக்கும் வகையை வாங்குங்கள். கனத்துக்காகச் சிமென்ட் கரைத்து ஊற்றுவதும் தவறு: ஈரச் சிமென்ட்டின் காரம் துத்தநாகத்தைத் தாக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸின் ஈரமும் உள்ளேயே தங்கித் துருவுக்கு வழிசெய்யும். ஊற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி, நன்றாகக் காய்ந்த பிறகு அதைத் தொட்டிக்குள் இறக்குங்கள்.

உண்மையில் நின்ற வழி, பசையே இல்லாத வழி: ஃபோமைக் கட்டிவிடுவது. தொட்டியின் அடியில் 5 செ.மீ. இடைவெளியில் இரண்டு துளைகள், 6 மி.மீ. பிட்டால். அடிக்குக் கீழே மரத்துண்டு வைத்து, உட்பக்கத்திலிருந்து வெளியே துளையிட்டால் பிசிறு வெளிப்பக்கம் வரும், அரத்தால் ராவுவது சுலபம். துளையின் ஓரத்தில் இரண்டு கை பிரைமர் கட்டாயம். துத்தநாகம் பூசிய தகரத்தில் சுற்றியுள்ள பூச்சு கொஞ்ச காலம் காவல் காக்கும். பெயிண்ட் மட்டும் அடித்த தகரத்தில் அந்தக் காவலும் கிடையாது, துரு அங்கேதான் தொடங்கிப் பெயிண்டுக்கு அடியில் ஊர்ந்து போகும்.

ஃபோமை அடியில் உட்கார வைத்து, அதன் தலையில் ஒரு கெட்டியான பிளாஸ்டிக் தகடு வையுங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியைத் தகட்டின் மேலாகப் போட்டு, இரு முனைகளையும் ஃபோம் வழியாகத் துளைகளில் இறக்கி, அடியில் முறுக்கிவிடுங்கள். தகடு இல்லாவிட்டால் கம்பி, சோப்புக் கட்டியை நூல் அறுப்பது போல ஃபோமை அறுத்துவிடும். ஃபோமைச் சுற்றி உள்ள இடைவெளியில் கூழாங்கல்லை நெருக்கிப் போடுங்கள். ஆட்டமும் நிற்கும், அடியில் கனமும் சேரும். வெளியே வைப்பதாக இருந்தால் ஓரமாக இன்னும் இரண்டு துளை வேண்டும். தண்ணீர் தேங்கினால் துத்தநாகத்தில் வெள்ளைப் பொருக்கு படரும், கொசுவும் முட்டையிடும்.

எதிர்பாராத சந்தோஷம் இதில்தான் இருக்கிறது. கழுவ வேண்டுமானால் கல்லைக் கொட்டிவிட்டு முறுக்கை அவிழ்த்தால் போதும், அலங்காரம் முழுசாகக் கையோடு வந்துவிடும். ஆறின தண்ணீரில் கொஞ்சம் சோப்பு போட்டு முக்கி எடுக்கலாம். சுடுதண்ணீர் வேண்டாம், இதழை ஒட்டிய பசை விட்டுப்போகும். சாயம் இறங்குகிறதா என்று முதலில் ஓர் இதழில் பார்த்துக்கொள்ளுங்கள். பசையால் ஒட்டிய அலங்காரத்தில் ஈரம் படாமல் பிரஷ்ஷால் தட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. தூசி இதழின் மடிப்பிலேயே தங்கிவிடும்.

பூ பற்றிச் சுருக்கமாக. ஃபோம் உலர் வகையாக இருக்கட்டும்; நிஜப் பூவுக்கான பச்சை ஃபோம் பொடிப்பொடியாக உதிரும். தண்டைக் கட்டிங் பிளேயரால் வெட்டுங்கள், கத்தரிக்கோல் வாய் போய்விடும். வெட்டிய முனையில் தெரியும் கம்பி துருப்பிடிக்கும், ஒரு சொட்டுப் பசையால் மூடுங்கள். குறைந்தது 5 செ.மீ. ஆழம் செருக வேண்டும். முதலில் இலை, பிறகு பெரிய பூ மூன்றோ ஐந்தோ, கடைசியில் சில்லறைப் பூ. பூவின் உயரம் தொட்டியின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கோடு நிற்கட்டும். தாண்டினால் காற்றில் சாயும். சிவப்பும் ஊதாவும் சீக்கிரம் வெளுக்கும், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் வைத்தாலும்தான். புற ஊதாக் காப்பு பிளாஸ்டிக்கிலேயே கலந்த பூ தாங்கும். மேலே தெளிக்கும் ஸ்ப்ரேயைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும், தெர்மாகோலில் பட்டால் சில ஸ்ப்ரேக்கள் அதைக் கரைத்தே விடும்.

துத்தநாகத் தொட்டிக்கு எண்ணெய் சார்ந்த எனாமலை நேரடியாக அடிக்காதீர்கள். எனாமலில் உள்ள கொழுப்பு அமிலம் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பு போன்ற ஒரு படலமாக மாறும். பிறகு பெயிண்ட் தோல் தோலாக உரியும். துத்தநாகத்துக்கான பிரைமர் அடித்துவிட்டு அக்ரிலிக் பெயிண்ட் அடியுங்கள். என்னைக் கேட்டால் அடிக்காமலே விடுவது மேல். அந்த மங்கிய சாம்பல் நிறத்துக்கு முன்னால் சுமாரான பூகூட நல்ல பூவாகத் தெரிகிறது. பளபளக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் அதே பூ பொய்யாகத் தெரியும். தொட்டி விழுந்தால் உடையாது, நசுங்கினால் கட்டைவிரலால் தட்டி எடுக்கலாம், தூக்கவும் லேசு.

ஆனாலும் இந்தத் தொட்டிக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. விலை குறைந்திருக்கிறதே என்று அடுக்கடுக்காக வாங்காதீர்கள். டிரில் கையில் இல்லாதவர் ஒன்றுகூட வாங்க வேண்டாம். பூந்தொட்டி என்று பெயர் போட்டு விற்கிற பொருளின் அடியில், பூச்சுக்கு முன்பே தொழிற்சாலை பிரஸ்ஸில் இரண்டு துளை குத்தி அனுப்பியிருந்தால் இந்தப் பாடு எதுவுமே தேவைப்பட்டிருக்காது.