எச்பிவி ஊசி: பூட்டான் வழியா, வங்கதேச வழியா?

கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸுக்கு எதிரான ஊசியைத் தேசியத் திட்டத்தில் சேர்க்கும்போது எந்தக் கம்பெனி மருந்து என்றுதான் முதலில் சண்டை வரும். தெற்காசிய அனுபவத்தைப் பார்த்தால், எங்கே வைத்துப் போடுகிறார்கள், எத்தனை தவணை என்பவைதான் பெரிய கேள்விகள்.

பூட்டான் 2010லேயே நாடு முழுவதும் தொடங்கியது. மருந்து நன்கொடை. முதல் ஆண்டு பள்ளியிலேயே போட்டார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்கள் விகிதம் 90 சதவீதத்தைத் தாண்டியது. 2011 முதல் சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். 70க்குக் கீழே இறங்கியது. 2014ல் மறுபடி பள்ளிக்குப் போனதும் பழைய நிலைக்கு ஏறியது. அதே நாடு, அதே பெற்றோர். மாறியது இடம் மட்டும். காய்ச்சல் தலைவலி இல்லாத 12 வயதுப் பெண் ஆஸ்பத்திரிப் பக்கம் எதற்குப் போவாள்?

இலங்கை 2017ல் ஆறாம் தர மாணவிகளுக்குப் பள்ளியில் இரண்டு தவணை என்று தொடங்கியது. ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் ஆறு மாதம் கழித்து அதே பிள்ளைகளை மறுபடி தேடிப்பிடிக்க வேண்டும்.

வங்கதேசம் பொறுமை காத்தது. 2016ல் காஜிப்பூர் மாவட்டத்தில் வெள்ளோட்டம். 2023ல் டாக்கா கோட்டம். 2024ல் மற்ற ஏழு கோட்டங்கள். ஒரே தவணை. பள்ளிக்குப் போகாத 10 முதல் 14 வயதுப் பெண்களுக்கும் தனி முகாம். பள்ளியை மட்டும் நம்பினால் விட்டுப்போகிறவர்கள் இவர்கள்தான்; இளவயதில் திருமணம் ஆகிப்போவதும் பெரும்பாலும் இவர்களுக்குத்தான்.

இந்த ஒற்றைத் தவணைக்கு வழிவிட்டதில் இந்தியாவுக்கும் பங்குண்டு, அதுவும் தெரியாமலே. ஆந்திரா, குஜராத்தில் சிறுமிகளுக்கு எச்பிவி ஊசி போட்டுப் பார்த்த செயல்விளக்கத் திட்டத்தில் ஏழு சிறுமிகள் இறந்ததால் 2010ல் எச்பிவி ஆய்வுகள் எல்லாமே நிறுத்தப்பட்டன. மரணங்களுக்கு ஊசி காரணமில்லை என்றது விசாரணை. ஆனால் பெற்றோர் சம்மதம் வாங்கிய லட்சணம் மோசம் என்பது உண்மை. அப்போது நடந்துகொண்டிருந்த வேறொரு ஆய்வும் பாதியில் நின்றது. அதில் இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்க்கவிருந்த பெண்களில் சுமார் 5,000 பேருக்கு ஒரு ஊசிதான் போட்டிருந்தது. பத்தாண்டு தொடர்ந்து கவனித்ததில், இரண்டு, மூன்று தவணை போட்டவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு ஏறத்தாழ அதே அளவு இவர்களுக்கும்! 2022ல் உலக சுகாதார நிறுவனம் ஒற்றைத் தவணையை ஏற்றபோது இதுவும் முக்கியச் சான்று.

என் கை வங்கதேசத்துக்கே உயரும். ஒரு குறை: முகாம் முடிந்த பிறகு, ஆண்டுதோறும் பத்து வயதைத் தொடும் பெண்களுக்கு ஊசி தவறாமல் போக வேண்டும். அதில் பூட்டான்தான் பல வருடம் தேர்ந்த கை.