நாட்டு மருந்துக் கடை நலங்கு மாவு: இரண்டு மாதம் தேய்த்துப் பார்த்த பிறகு

எங்கள் பகுதியில் உள்ள நாட்டு மருந்துக் கடை ஒன்று தானே அரைத்து விற்கும் நலங்கு மாவை, மார்கழி முதல் நாளிலிருந்து தை முடியும் வரை சோப்புக்குப் பதிலாகப் பயன்படுத்தினேன். 200 கிராம் உறையின் விலை 160 ரூபாய். பாசிப்பயறு, கடலைப்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ், கார்போகரிசி என்று ஒன்பது பொருள்கள் உறையில் அச்சிடப்பட்டிருந்தன. எது எவ்வளவு என்பது மட்டும் இல்லை.

முதலில் பாராட்ட வேண்டியது அரைப்பின் நேர்த்தியை. வெட்டிவேரின் நாரும் கோரைக்கிழங்கின் தோலும் சரியாகச் சலிக்கப்படாமல் போனால், அவை கன்னத்தில் முள்ளாய் உரசும். இந்த மாவிலோ விரலிடையே வைத்துத் தேய்த்தாலும் நெருடல் தெரியவில்லை. அமில, காரத் தன்மையைக் காட்டும் pH அளவு சாதாரண சோப்புக்கு ஏறக்குறைய 9 முதல் 10 வரை (காரம்) இருக்க, நம் தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டிய இலேசான அமிலத்தன்மை கொண்டது என்பதால், சோப்புக் குளியலுக்குப் பின் தோல் இழுத்துப் பிடிப்பது இயல்பு. பயற்றுமாவு மிகுதியான எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு வெளியேறுமே தவிர, தோலைச் சோப்பு அளவுக்கு வறட்டுவதில்லை. ஒவ்வொரு பனிக்காலத்திலும் என் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் கோடுகள் விழும்; இந்த ஆண்டு விழவில்லை.

எண்ணெய்க் குளியலன்று இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரிந்தது. வாக்படரின் ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம் அன்றாட ஒழுக்கங்களைச் சொல்லுமிடத்தில், உடம்பில் பொடி தேய்ப்பதை உத்வர்த்தனம் என்று குறிப்பிட்டு, அது கபத்தைக் குறைக்கும், கொழுப்பைக் கரைக்கும், உறுப்புகளை உறுதியாக்கும், தோலைத் தெளிவாக்கும் என்கிறது. நல்லெண்ணெய் தேய்த்து ஊறிய உடம்பில் இம்மாவை உலர்ந்த நிலையிலேயே கீழிருந்து மேலாகத் தேய்த்து, பின்னர் வெந்நீர் ஊற்றினால் இரண்டாம் முறைக்குள் பிசுக்கு முழுவதும் போய்விடுகிறது. முகத்திற்கு இந்த அழுத்தம் ஆகாது. தயிரிலோ பன்னீரிலோ குழைத்து ஒற்றியெடுப்பதே போதும்.

ஆனால் கஸ்தூரி மஞ்சள் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். நல்ல கஸ்தூரி மஞ்சளை உடைத்தால் உட்புறம் வெளிறியிருக்கும், கற்பூரம் கலந்தது போல மணக்கும். மஞ்சள் நிறத்தைத் தரும் குர்குமின் குறைவு என்பதால் சமையல் மஞ்சளைப் போல் தோலில் ஒட்டிக்கொள்ளாது. ஆண்களும் பயன்படுத்தலாம் என்று பெரியவர்கள் சொல்வதற்கு அதுவே காரணம். இந்த மாவோ மூன்றாம் நாளே என் நெற்றியோரத்தை மஞ்சளாக்கியது. துண்டில் பட்ட கறை சோப்பு பட்டதும் செக்கச்செவேலென்று மாறியது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்து ஆலத்தி கரைத்தவர்களுக்கு அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை. கஸ்தூரி மஞ்சளுக்குரிய விலையை வாங்கிக்கொண்டு சமையல் மஞ்சளைக் கலந்திருக்கிறார்கள் என்றே கருதுகிறேன்.

இதைவிடக் கவலை தருவது கார்போகரிசி. வெண்புள்ளிகளுக்கு வெயிலோடு சேர்த்துப் பயன்படுத்தப்படும் மருந்துப் பொருள் அது. அதிலுள்ள சோராலென் சேர்மங்கள் தோலைப் புற ஊதாக் கதிர்களுக்கு எளிதில் பாதிப்படையச் செய்பவை. தேய்த்த உடனே கழுவிவிடும் குளியல் பொடியில் சிறிதளவு சேர்வதும், உறை அறிவுறுத்துவது போல அரை மணி நேரம் முகத்தில் பூசி வைப்பதும் ஒன்றல்ல. பூசிக் கழுவிவிட்டு உச்சி வெயிலில் நடந்தால் முகம் சிவக்கவும் பின்னர் கருக்கவும் வாய்ப்புண்டு. அளவையும் குறிப்பிடாமல் எச்சரிக்கையும் அச்சிடாமல் இப்படி ஓர் அறிவுரை தருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

புதிதாகத் தொடங்குவோர் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம். பருப்பு ஒவ்வாதவர்கள் தவிர்ப்பது நல்லது. காகித உறையில் வருவதால், வாங்கியதும் கண்ணாடிப் புட்டிக்கு மாற்றி ஈரக்கை படாமல் எடுக்க வேண்டும். குழைத்த மாவை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. மீதமுள்ள பொடியை எண்ணெய்க் குளியலுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். முகத்திற்கு, பாசிப்பயறையும் முழுக் கிழங்காகப் பார்த்து வாங்கிய கஸ்தூரி மஞ்சளையும் தனியே அரைத்துக்கொண்டுவிட்டேன்.