கெராச்சுட் கடற்கரையில் கோப்பி: துணி வடிகட்டியா, ஏரோபிரஸா?

பினாங்கு தெலுக் பஹாங்கிலிருந்து பந்தாய் கெராச்சுட்டுக்குக் காட்டுவழி நடை. முதுகில் கூடாரமும் தண்ணீரும் ஏறியபின் கோப்பிச் சாமானுக்கு மிஞ்சுவது கையளவு இடம்தான்.

கோப்பிக் கடைகளில் தொங்கும் துணி வடிகட்டி, கம்பி வளையத்தைக் கழற்றினால் சட்டைப்பையில் அடங்கும். நம்மூர்க் கோப்பிக்கொட்டை சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக்க வறுத்தது. அதற்குக் கொதிநீரும் துணியும்தான் பொருத்தம். தூளைப் போட்டு நீர் ஊற்றி, நான்கு நிமிடம் ஊறவிட்டு, இரண்டு முறை தூக்கி ஊற்றினால் கெட்டியான கோப்பி ஓ (பால் சேர்க்காத கோப்பி) தயார். நான்கு பேருக்கு ஒரே தடவையில்! தொல்லை பிறகுதான். ஈரத்துணியைச் சுருட்டி வைத்தால் மறுநாளே புளித்த வாடை வந்துவிடும். சோப்பு வேண்டாம், அது துணியிலேயே தங்கிவிடும். நன்றாக அலசிக் காற்றில் தொங்கவிடுங்கள்.

அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஆலன் ஆட்லர் 2005இல் கொண்டுவந்த ஏரோபிரஸ், கையால் அழுத்திக் கோப்பி வடிக்கும் பிளாஸ்டிக் குழாய். கீழே விழுந்தாலும் கவலையில்லை. இளவறுவல் அராபிகா கோப்பித்தூள் 15 கிராம், 200 மில்லி வெந்நீர், இரண்டு நிமிடம்: தெளிவான கோப்பி. சக்கை வில்லையாக வெளியே வரும், குப்பைப்பையில் கட்டிக்கொண்டு திரும்பலாம். கழுவக் கொஞ்சம் நீரே போதும். ஆனால் ஒரு தடவைக்கு ஒரு குவளைதான்.

தனியே போனால் எனக்கு ஏரோபிரஸ். அண்ணன், அண்ணி, பிள்ளைகள் என்று கூட்டமாய்க் கிளம்பினால் துணி வடிகட்டியும் ஒரு டின் கெட்டிப்பாலும்தான்.