ராத்திரி போனை எடுப்பது யார்? வீட்டுக்கு வரும் பாலியேடிவ் சேவையில் எங்கள் அனுபவம்

அப்பாவுக்கு வாய்ப் புற்று. கன்னத்தின் உள்பக்கம் ஆரம்பித்து தாடைக்கு இறங்கி, ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்த பிறகும் திரும்ப வந்தது. "இனிமே கீமோ கொடுத்தாலும் பிரயோஜனம் இல்லை, வலி தெரியாம பார்த்துக்குங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். வலி தெரியாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை யாரும் சொல்லவில்லை. அதற்கப்புறம், குணமாகாத நோயில் வலியையும் வேதனையையும் தணிக்கும் பாலியேடிவ் கவனிப்புக்காக இரண்டு சேவைகளைப் பார்த்தோம். முதலில் காசு வாங்கும் ஒரு தனியார் ஹோம் கேர் கம்பெனி, பிறகு காசே வாங்காத ஒரு டிரஸ்ட். சில வருஷம் கழித்து, மறதி நோய் முற்றிய பெரியம்மாவுக்காக அதே டிரஸ்டை மறுபடி கூப்பிட்டோம். எங்கள் வீடு வடசென்னை. பெயர்களைப் போடவில்லை, போட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

கம்பெனியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆப் இருந்தது, பேக்கேஜ் இருந்தது, முன்பணம் இருந்தது. பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு ஒரு அட்டெண்டர் வந்தார். பையன்கள் நல்ல பையன்கள்தான், ஆனால் வாரத்துக்கு ஒருவர் மாறினார். ஒவ்வொரு புது ஆளுக்கும் மூக்கு டியூபில் கஞ்சி எப்படி ஊற்றுவது என்று அம்மாதான் சொல்லிக்கொடுத்தார். டாக்டர் வீடியோ காலில் வருவார். வலி அதிகம் என்றால் டிரமடாலைக் கூட்டுவார். அந்த மாத்திரைக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. அதைத் தொட்ட பிறகு அவரிடம் வேறு எதுவும் இல்லை. அதைவிட வீரியமான, அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபினைக் கேட்டதற்கு, "அது நாங்க வச்சிருக்கிறதில்லை, மேடம்" என்று பதில். ஒரு ராத்திரி வலியில் அப்பா சுவரில் தலையை முட்டிக்கொள்ள ஆரம்பித்தார். அவர்கள் ஹெல்ப்லைனுக்கு அடித்தால், "எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். போனோம். அங்கே ஐசியூவில் சேர்க்கக் கையெழுத்துக் கேட்டார்கள்.

மறுநாள் தம்பியின் நண்பனான ஒரு மயக்க மருந்து டாக்டர் அந்த டிரஸ்டின் நம்பரைக் கொடுத்தார். கூடவே ஒன்று சொன்னார்: "வேற எதுவும் கேட்காதீங்க. மார்ஃபின் மாத்திரை இருக்கா, ராத்திரி யார் போன் எடுப்பாங்க, இந்த ரெண்டை மட்டும் கேளுங்க." இத்தனை வருஷம் கழித்தும் யார் என்னிடம் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

மார்ஃபின் எல்லா இடத்திலும் கிடைக்காததற்குக் காரணம் உண்டு. 1985-ல் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு அதை வாங்க, வைக்க, கொண்டுபோக எல்லாவற்றுக்கும் தனித்தனி லைசென்ஸ். ஆஸ்பத்திரிகள் அந்தத் தலைவலியே வேண்டாம் என்று விட்டுவிட்டன. 2014-ல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் வைத்துக் கொடுக்க வழி செய்தார்கள். ஆகவே, "உங்களுக்கு அந்த அங்கீகாரம் இருக்கா?" என்று நேராகவே கேட்கலாம். இருக்கிறவர்கள் உடனே "இருக்கு" என்பார்கள். இல்லாதவர்கள் அன்பைப் பற்றியும் அரவணைப்பைப் பற்றியும் பேச ஆரம்பிப்பார்கள்.

டிரஸ்டிலிருந்து முதல் நாள் ஒரு டாக்டர், ஒரு சிஸ்டர், டிரைவர் மூவரும் வந்தார்கள். சிஸ்டர் வந்ததும் பிரஷர் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்துக்கு நேராக ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "ஐயா, வலி இல்லைன்னா கையை மூடிக்குங்க. தாங்கவே முடியலைன்னா பத்து விரலும் காட்டுங்க. இப்ப எத்தனை?" என்றார். பேச முடியாத அப்பா எட்டு காட்டினார். அதுவரை அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை, எங்களிடம்தான் கேட்பார்கள். அடுத்த கேள்வி அம்மாவிடம்: "கடைசியா எப்பம்மா வெளிக்குப் போனாரு?" அம்மாவுக்கு இது என்ன கேள்வி என்று இருந்தது. மார்ஃபின் கொடுத்தால் மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதனால் முதல் நாளே மலமிளக்கியும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. மலமிளக்கி எழுதாமல் மார்ஃபின் மட்டும் எழுதிக்கொடுக்கிற இடமாக இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

மார்ஃபின் கொடுக்கும் நேரம் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10. இரவு மட்டும் இரட்டை டோஸ், நடுராத்திரி எழுப்ப வேண்டாம் என்பதற்காக. நடுவில் வலி கிளம்பினால் கூடுதலாக ஒரு டோஸ், கொடுத்த நேரத்தை நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டைப் பார்த்துத்தான் அளவைக் கூட்டினார்கள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரிந்ததும் சிஸ்டர் ஒரு அட்டையில் கடிகாரம் வரைந்து, ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் மாத்திரையையே செலோடேப் போட்டு ஒட்டிக்கொடுத்தார். மார்ஃபினுக்கு மட்டும் சிவப்பு வட்டம் (மாத்திரை ஒட்டவில்லை, அது எண்ணிக் கணக்குக் காட்ட வேண்டிய மருந்து). டியூப் வழியாகக் கொடுக்க எந்த மாத்திரையைப் பொடிக்கலாம், மெதுவாகக் கரையும் எந்த மாத்திரையைப் பொடிக்கவே கூடாது என்று அம்மாவைத் திரும்பச் சொல்லவைத்துக் கேட்டார். சரியாகச் சொன்ன பிறகுதான் எழுந்தார்.

சித்தப்பா ஒரு பக்கம், "மார்ஃபின் ஆரம்பிச்சா அவ்வளவுதான், சீக்கிரம் போயிடுவாரு" என்று அம்மாவைப் பயமுறுத்திக்கொண்டிருந்தார். டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசவில்லை. அப்பா எதிரிலேயே உட்காரவைத்து, வலிக்கு ஏற்ற அளவில் கொடுத்தால் அது ஆளைக் கொல்லாது, பழக்கமும் ஆகாது, முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமாக இருக்கும், அப்புறம் தெளிவார் என்று சொன்னார். தெளிந்தார். அந்த வார முடிவில் அப்பா சட்டை போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்தார். சித்தப்பா அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை.

புண்ணைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன், எழுதத்தான் வேண்டும். கன்னம் ஓட்டையாகி நாற்றம் வீட்டை நிறைத்திருந்தது. பேரன் அறைக்குள் வர மாட்டான். அப்பாவுக்கு அது புரிந்திருந்தது, அதுதான் வலியைவிட மோசம். கம்பெனியில் ரூம் ஸ்பிரே அடிக்கச் சொன்னார்கள். சிஸ்டர் வந்து உப்புத் தண்ணீரால் கழுவி, கிருமியைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையை நைசாகப் பொடித்து கட்டுத் துணியில் தூவி, ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வாசலின் தடவிக் கட்டினார். இரண்டு மூன்று நாளில் நாற்றம் பாதிக்கு மேல் அடங்கியது. சில ரூபாய் மாத்திரை. அப்புறம் என்னையும் செய்யவைத்தார். எதிரில் நின்று பார்த்தார், கையைப் பிடித்துத் திருத்தினார். வீட்டாருக்குக் கற்றுக்கொடுக்கிறார்களா, அல்லது தாங்கள் வந்தால்தான் எதுவும் நடக்கும் என்கிற மாதிரி வைத்திருக்கிறார்களா என்பது எனக்குப் பெரிய அளவுகோல்.

இன்னொன்று. கழுத்துப் பக்கம் புண் இறங்கியபோது டாக்டர் என்னையும் தம்பியையும் மாடிக்குக் கூப்பிட்டு, ரத்தக்குழாய் அரித்து திடீரென்று நிறைய ரத்தம் வர வாய்ப்பு உண்டு, வந்தால் ஆம்புலன்ஸுக்கு நேரம் இருக்காது என்று சொன்னார். அடர்த்தியான நிறத்தில் இரண்டு பெரிய துண்டு கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கச் சொன்னார். வெள்ளைத் துணியில் ரத்தம் பார்த்தால் அவரும் பயப்படுவார், நீங்களும் பயப்படுவீர்கள் என்றார். கேட்ட அன்று அவர் மேல் கோபம்தான் வந்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் வரக்கூடியதை முன்கூட்டியே சொல்லத் தைரியம் உள்ளவர்கள் என்று அன்றைக்குத் தெரிந்தது. கம்பெனிக்காரர்கள் கடைசி வரை "இம்ப்ரூவ் ஆகும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ராத்திரி போன் விஷயம்: டிரஸ்டில் சிஸ்டர்கள் முறை வைத்து போனை வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். எடுப்பவருக்கு அப்பாவின் கேஸ் தெரிந்திருக்கும். "நோட்டைப் பாருங்க, கடைசி டோஸ் எப்ப? சரி, இப்ப ஒண்ணு கொடுங்க, அரை மணி நேரத்துல நான் திரும்பக் கூப்பிடறேன்" என்பார்கள். கூப்பிடுவார்கள். ராத்திரியில் நேரில் வர மாட்டார்கள். இதை முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வருகை கிடையாது. மாத்திரை தீர்வதற்குள் நாம்தான் அவர்கள் கிளினிக்குக்குப் போய் காலி அட்டையைக் கொடுத்து வாங்கி வர வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை. ஆறுதல் பேச வந்த கவுன்சிலர் பெண் இரண்டு தடவைக்கு மேல் வரவில்லை, வேலையை விட்டுவிட்டாராம். அப்புறம் யாரும் வரவில்லை. ஏர் பெட் கடனாகக் கொடுத்தார்கள், மோட்டார் சத்தம் டீசல் பம்ப் மாதிரி. அவர்களின் உள்நோயாளி இல்லத்தில், அம்மாவுக்கு ஓய்வு வேண்டும் என்று ஒரு வாரம் போல அப்பாவைச் சேர்த்தோம். சுத்தம், அமைதி, வீட்டிலிருந்து யார் எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஆனால் பக்கத்துக் கட்டில்காரர் இறந்ததை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். திரை ஒன்று இருந்தது, இழுக்க யாருக்கும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு ஒரு தாளில் "வீடு" என்று எழுதிக் காட்டினார், கூட்டிவந்துவிட்டோம்.

கடைசி வாரம் சிஸ்டர் ஞாயிறு தவிர தினமும் வந்தார். மூத்திரம் குறையும், கை கால் சில்லிடும், மூச்சு நின்று நின்று வரும், தொண்டையில் கொரகொர சத்தம் கேட்கும், அது அவருக்கு வேதனை இல்லை என்று வரிசையாகச் சொல்லிவைத்தார். ஒருக்களித்துப் படுக்கவைக்கக் காட்டிக்கொடுத்தார். சொந்தக்காரர்கள் எல்லோரும் "டிரிப்ஸ் கூடப் போடலையா?" என்றார்கள். அந்தக் கேள்விக்கு அம்மாவே பதில் சொல்லும் அளவுக்குத் தயார்செய்திருந்தார்கள். விழுங்க வேண்டிய மருந்தெல்லாம் நிறுத்தி, தோலுக்கடியில் ஒரு சின்ன பட்டர்ஃபிளை ஊசி குத்தி அதன் வழியாகக் கொடுத்தார்கள்.

விடியற்காலை அப்பா போனார். போன் செய்தோம். எட்டு மணிக்குள் டாக்டர் வந்து பார்த்து, வீட்டில் நடக்கும் மரணத்துக்கான 4ஏ படிவத்தில் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டார். இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் வைத்தியம் பார்த்த டாக்டர் சான்றிதழ் தர மறுத்து, மயானத்துக்குப் போக முடியாமல் மதியம் வரை அலைந்தார்கள். "வீட்டுல இறந்தா சர்டிபிகேட் யார் கொடுப்பாங்க?" என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். கேட்க வாய் வராது, ஆனாலும் கேளுங்கள். மீதி மார்ஃபினை சிஸ்டர் எண்ணி, அம்மா எதிரில் நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துப்போனார். காரியம் முடிந்த பிறகும் அம்மாவைப் பார்க்க ஒரு முறை வந்தார்கள். பணம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நாங்களாகக் கொடுத்ததற்கு ரசீது கொடுத்தார்கள்.

இவ்வளவு நம்பிக்கையோடுதான் பெரியம்மாவுக்கும் கூப்பிட்டோம். அங்கே அவ்வளவு சரியாக அமையவில்லை. புற்றுநோய் என்றால் கை தானாக ஓடுகிற டீம், மறதி நோயில் தடுமாறினார்கள். புதிதாக வந்த சிஸ்டர் பெரியம்மாவிடம் விரல் கணக்குக் கேட்டார். அவருக்கு விரல் என்றாலே என்னவென்று தெரியவில்லை. "வலி இல்லைன்னுதான் தோணுது" என்று எழுதிவிட்டுப் போனார். படுக்கையில் புரட்டும்போது நெற்றி சுருங்குவதையும் கையைத் தட்டிவிடுவதையும் கவனிக்க வேண்டும் என்று, கோழிக்கோட்டில் பயிற்சி எடுத்த அவர்களுடைய பெரிய டாக்டர் வந்த பிறகுதான் மாற்றினார்கள். (1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வேலையிலிருந்துதான் இன்று தென்னிந்தியாவில் பல குழுக்கள் கற்றுக்கொண்டு வந்திருக்கின்றன.) சாப்பாடு இறங்காமல் போனபோது டியூப் போடுவதா வேண்டாமா என்பதில் எங்கள் வீட்டில் பெரிய சண்டை. அதைப் பேசித் தீர்க்க அவர்களிடம் ஆள் இல்லை. வென்டிலேட்டர், டியூப் எல்லாம் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2018-ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. 2023-ல் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசர் முன் கையெழுத்திட்டால் போதும் என்று ஆக்கியது. பெரியம்மா தெளிவாக இருந்த காலத்திலேயே அவரைப் பார்த்த டாக்டர்கள் யாராவது இதைச் சொல்லியிருக்கலாம். டிரஸ்டும் நாங்கள் கேட்டபோதுதான் சொன்னது, அப்போது அவருக்குக் கையெழுத்துப் போடும் நிலை இல்லை.

அந்தச் சமயத்தில் கைகொடுத்தது அரசாங்கத்தின் மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து கை கால் மடங்கிப்போகாமல் இருக்கப் பயிற்சி கொடுத்தார், நர்ஸ் படுக்கைப் புண்ணைப் பார்த்தார். ராத்திரி போன் எடுக்க அவர்களிடம் ஏற்பாடு இல்லை. அதற்கு டிரஸ்ட், பகலுக்கு இவர்கள் என்று இரண்டையும் வைத்துச் சமாளித்தோம்.

புற்றுநோய்க்கு, எங்கள் பக்கம் இருக்கிறவர்கள் கேட்டால் அந்த டிரஸ்டின் நம்பரை யோசிக்காமல் கொடுப்பேன். மறதி நோய், பக்கவாதம் என்றால் அவர்கள் பெரிய டாக்டர் எத்தனை நாளுக்கு ஒரு முறை நேரில் வருவார் என்று கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமையும் ஒரு சிஸ்டர் வருவதாகச் சொல்கிறார்கள். நான் கூப்பிட்டுப் பார்க்கும் சந்தர்ப்பம் இன்னும் வரவில்லை.