எல்ஜினா, ஹாமில்டனா?

பழைய அமெரிக்கப் பாக்கெட் கடிகாரம் சேர்க்கத் தொடங்குபவர்கள் பலர் இந்த இரண்டு கம்பெனிகளில் எது என்று தடுமாறும் இடம் இது.

விலை: எல்ஜின் கோடிக்கணக்கில் வந்தது, ஏழு கல் (தேய்மானம் குறைக்க உள்ளே பதிக்கும் சிறு மணிக்கல்) ரகம் மலிவு. ஹாமில்டன் 992, ரயில்வேக்காரர்களின் 21 கல் கடிகாரம், விலையும் அதற்கேற்ப அதிகம்.

அடையாளம்: ஹாமில்டனில் ரக எண்ணை இயந்திரத்திலேயே பொறித்திருப்பார்கள். எல்ஜினில் பெரும்பாலும் வரிசை எண்ணைக் கொண்டுதான் ரகம் தேட வேண்டும். அதுவும் இயந்திரத்தில் உள்ள எண். கூட்டில் இருப்பது கூடு செய்த கம்பெனியுடையது. அதை வைத்து ஆண்டு சொல்பவரிடம் வாங்காதீர்கள். கூட்டின் உள்விளிம்பில் இயந்திரத்தின் திருகுக்குப் பொருந்தாத திருகுத் தடம் தெரிந்தால், கூடு மாறியிருக்கும்.

உதிரிபாகம்: எல்ஜினுக்குச் சுலபம்.

பிரித்துப் பழக எல்ஜின். ஒன்றே ஒன்று வாங்கி ஓடவிட ஹாமில்டன் 992. ஆனால் 992-இல் நேரம் மாற்றக் குமிழை இழுக்காதீர்கள், கண்ணாடி வளையத்தைக் கழற்றினால் சிறு நெம்புகோல் இருக்கும்.